ஐயாவின் ஐந்தாவது சுருட்டு

குவாலா சிலாங்கூர்
3-3-1986

அண்ணைக்கு,

வருடத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய கை இது. முழுத்தாளைப் பார்த்ததும் தயங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை கிள்ளான் கோயிலில், ஊருக்குப் போய்வந்த நம் சந்திரிகாவைப் பார்த்தேன். சின்னாச்சி அண்ணி தவறிப்போய் ஆறு மாதம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகன்மார் இருவரும் ஜெர்மனியில் என்றும், கோண்டாவில் வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்றும் சொன்னாள். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நானும் எழுதாதவள்தான், அதனால் குறை சொல்ல வாயில்லை.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். புக்கிட் ரேசாம் தோட்டத்தில் தந்த வீட்டை விட்டு இங்கே மெலாவாத்தி குன்றின் அடியில் சின்ன வீடு பார்த்து வந்திருக்கிறேன். பின் வாசலில் நின்றால் ஆறு தெரியும். சாமான் அடுக்கும்போது ஐயாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். கறுப்புக் கோட்டு, கண்ணாடி, அடியில் அந்த மரப்பெட்டி. உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய துரை சீமைக்குத் திரும்பியபோது ஐயாவுக்குத் தந்த ஐந்து கியூபாச் சுருட்டு. துரை முதன்முதலில் கப்பலேறிய 1911-ஆம் ஆண்டு சுற்றியது என்று ஐயா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவார்.

ஐயா தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியான நாளில் ஒன்று பற்றினார். நீங்கள் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிய நாளில் ஒன்று. அம்மா டைபாய்டில் பிழைத்தபோது ஒன்று. ஜப்பான்காரன் போன அன்று ஒன்று. ஐந்தாவது அப்படியே இருக்கிறது. நீங்கள் போன பிறகு ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவன் வரட்டும். ரெண்டு பேருமாப் பத்துவம்.”

இதை உங்களுக்கு இதுவரை நான் சொன்னதில்லை.

அங்கே ஷெல் விழுகிறது என்று பேப்பரில் போடுகிறான். அண்ணை, இங்கே வந்துவிடுங்கள். ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது.

தங்கரத்தினம்

•

கோண்டாவில்
2-4-1986

தங்கச்சி,

உன் கடிதம் கொழும்பில் எங்கேயோ படுத்துக் கிடந்து இன்றைக்குத்தான் வந்தது.

நான் வரமாட்டேன். அறுபத்து நாலு வயதில் புது ஊர் தேவையில்லை. ஷெல் என்மேல் விழுவதாக இருந்தால் இதற்குள் விழுந்திருக்கும்.

சின்னாச்சியைப் பற்றி எழுதாததற்குக் காரணம் கேட்கிறாய். நாற்பத்தாறில் மலாயாவிலிருந்து ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்தவன், சுருட்டுக் கொட்டில்காரரின் மகளைக் கட்டினேன். அதற்கு ஐயா என்ன எழுதினார் தெரியுமா? ‘கிராணியின் மகன் சுருட்டுச் சுற்றப் பிறக்கவில்லை. அந்தப் பெண்ணோடு என் படியேறாதே.’ அவள் அந்தக் கடிதத்தை வாசித்தவள். உயிரோடு இருந்தவரை அவளை ஒரு வார்த்தை விசாரிக்காத வீட்டுக்கு அவள் செத்ததைச் சொல்லி என்ன பயன்?

பிறகு, ஐயா கிடையில் கிடந்தபோது தந்தியை நேரத்துக்கு அடிக்காதவள் நீ. அவர் செத்த அடுத்த நாள் என் கையில் தந்தி கிடைத்தது. அதை நான் அப்போதே எழுதினேன். இப்போது சுருட்டைக் காட்டிக் கூப்பிடுகிறாய். நான் என்ன சின்னப் பிள்ளையா?

கொட்டிலைப் பூட்டி இரண்டு வருடமாகிறது. சுற்றுகிற ஆட்களெல்லாம் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

கதிரவேலு

ஒன்று கேட்கிறேன். மேல் இலையில் ஊசி குத்தினதுபோல் துவாரம் இருக்கிறதா? இருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது, அடுப்பில் போடு. இலை என்ன நிறம்? வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா, பச்சைப் பூஞ்சையா? விரலால் அமுக்கிப் பார்க்காதே. உடைந்துவிடும்.

•

குவாலா சிலாங்கூர்
28-4-1986

அண்ணைக்கு,

தந்தியைப் பற்றி இன்றைக்கு எழுத என்னால் முடியாது. விட்டுவிடுங்கள்.

துவாரம் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிறம் நன்றாகக் காய்ச்சிய பனங்கட்டிப் பாகு மாதிரி, நடுவில் கொஞ்சம் கறுப்பு. ஒரு பக்கம் விபூதி தூவினதுபோல் வெள்ளை. சிவப்பும் பொன்னுமாய் ஒரு காகித வளையம், அதில் ஒரு பெண்ணின் தலை. எடையே இல்லை. கையில் எடுத்தால் ஒரு காய்ந்த இறகை எடுத்ததுபோல் இருக்கிறது. மணம் சுருட்டு மணமே இல்லை. பழைய தேயிலைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி. அதற்குப் பின்னால், மிகத் தொலைவில், ஒரு இனிப்பு.

இங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிஃபாயத்துல்லா என்று ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், பேச்சோடு பேச்சாக இங்கத்து ‘லா’ வரும். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் கடையில் சுருட்டும் விற்றவராம். அவரிடம் காட்டினேன். தொடவே பயந்தார். “டீச்சர், இது எனக்கு முந்திப் பொறந்தது லா. இதுக்கு நான் சலாம் வைக்கணும்” என்றார்.

நீங்கள் வராவிட்டால் இதை அவருக்கே கொடுத்துவிடப் போகிறேன்.

அண்ணியை நான் விசாரிக்கவில்லை, உண்மை. ஐயா இருந்தவரை அவருக்குப் பயம். அதற்குப் பிறகு உங்களுக்குப் பயம். அண்ணி எப்படி இருப்பார்? உங்கள் கல்யாணப் படம்கூட நான் பார்த்ததில்லை.

தங்கரத்தினம்

•

கோண்டாவில்
20-5-1986

தங்கச்சி,

சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் கொடுக்காதே. பூஞ்சை வெள்ளை என்றால் பழுதில்லை. எழுபத்தைந்து வருடச் சுருட்டு. நான் முப்பத்தெட்டு வருடம் புகையிலையோடு வாழ்ந்தவன், பத்து வருடத்துக்கு மேற்பட்ட சுருட்டைக் கையால் தொட்டதில்லை. எங்கள் சுருட்டு கோடா போட்டது. புகையிலைக் காம்பை அவித்து எடுக்கிற அந்தச் சாறு நெஞ்சில் உதைக்கும். வைத்துப் பழுக்க விட யாருக்குப் பொறுமை? இன்று சுற்றினால் நாளை யாழ்ப்பாணச் சந்தை.

என்னால் பற்ற முடியாது. போன வருடம் தொண்டையில் அறுத்தார்கள். இனிப் புகை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே நான் வந்தாலும் பயன் இல்லை.

நீயே பற்று.

சிரிக்காதே. ஐயாவைப் பெற்ற நம் அப்பாச்சி பற்றவில்லையா? நெருப்புள்ள பக்கத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு வயலில் நின்றவள். நீ அப்படியெல்லாம் செய்ய வேண்டாம். நான் சொல்கிறபடி செய்.

ஒரு பிஸ்கட் டின் எடு. அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரத்துணியைப் பிழிந்து வை. சுருட்டு அதில் படக்கூடாது. மேலே குச்சிகளை அடுக்கி அதன்மேல் வை. மூடியைக் கொஞ்சம் திறந்து விடு. தினமும் காலையில் அரைச் சுற்றுத் திருப்பு. இருபத்தைந்து நாள். அவசரப்பட்டால் மேல் இலை வெடிக்கும். தூங்குகிற ஆளை உலுக்கக்கூடாது, மெல்லத்தான் எழுப்ப வேண்டும்.

பற்றும் நாளில் புது பிளேடால் சுருட்டின் தலையில் நகத்தளவு சீவு. மண்ணெண்ணெய் லைட்டர் வேண்டாம், நெருப்புக்குச்சி. தீ தொடாமல் முதலில் நுனியைச் சூடு காட்டு. பிறகு இழு. புகையை விழுங்காதே, வாயில் வைத்திருந்துவிட்டு விடு. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

பிறகு உட்கார்ந்து எனக்கு எழுது. ஒன்றும் விடாமல் எழுது. எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சின்னாச்சி குட்டை. நல்ல கறுப்பு. கோபம் வந்தால் பாட்டுப் பாடுவாள். படம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஒன்றுதான் இருக்கிறது, திருப்பி அனுப்பு.

கதிரவேலு

•

குவாலா சிலாங்கூர்
29-6-1986

அண்ணைக்கு,

பற்றிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. மழை வந்துகொண்டிருந்தது. பின் வாசலில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். கிஃபாயத்துல்லா பாயைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். பெண்பிள்ளை தனியாக இருந்து சுருட்டுப் பிடித்து மயங்கி விழுந்தாள் என்று பேர் வரக்கூடாதல்லவா? அவர் தன் மனைவி அஜீஸாவையும் அழைத்து வந்தார். அஜீஸா ஒரு செம்பு தண்ணீரும் கற்கண்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், ஏதோ பிரசவம் பார்க்க வந்தவள்போல.

இருபத்தைந்து நாளில் அந்தச் சுருட்டு கொஞ்சம் எடை கூடியிருந்தது. காகித வளையம் தானாகவே கழன்று என் மடியில் விழுந்தது. நகத்தளவு என்றால் எவ்வளவு என்று பிளேடும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வாங்கிச் சீவினார். இந்த முறை பயப்படவில்லை.

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சியில் நுனி மெல்லச் சிவந்தது. இழுத்தேன். ஒன்றுமே இல்லை, அண்ணை. வெறும் சூடான காற்று. ‘செத்துவிட்டது, நேரம் கடந்துவிட்டது’ என்று நினைத்தேன். பாய்தான், “அவசரப்படாதீங்க டீச்சர், தூரத்துலேர்ந்து வருது லா” என்றார்.

வந்தது. ஐந்தாவது ஆறாவது இழுப்பில். எப்படிச் சொல்வது? உங்களுடைய உதைப்பெல்லாம் இல்லை. முதலில் பழைய புத்தகத்தாள். பிறகு வறுத்த கச்சான் கடலைத் தோல். நடுப்பகுதிக்கு வந்தபோது காய்ந்த பூ, இன்ன பூ என்று தெரியாத பூ. நாக்கில் தங்கவே இல்லை, வந்து நின்றுவிட்டு எழுந்து போய்விடுகிறது. புகை நீலமாக இருந்தது. மழைக்காற்று அதை மேலே போகவிடாமல் வாசல் மட்டத்திலேயே வைத்திருந்தது. ஒரு மெல்லிய சேலையைக் காயப்போட்டதுபோல் அது ஆற்றுக்கும் எனக்கும் நடுவே தொங்கியது. அதன் வழியாகப் பார்த்தால் அக்கரைச் சதுப்பு மரங்கள் தண்ணீரை விட்டு எழுந்து மெதுவாக நடக்கிற மாதிரி இருந்தது. ஒரு சீனன் வலைப்படகில் போனான். இன்ஜின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தலை சுற்றவில்லை. ஆனால் காலம் கொஞ்சம் கழன்றுவிட்டது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே நான் எங்கெங்கோ போய் வந்தேன். தோட்டத்து ஆபீஸ் படியில் நிற்கிறேன், ரப்பர் புகைபோடும் கொட்டகையிலிருந்து அந்தப் பன்றிக்கொழுப்பு வாசம் வருகிறது, ஐயா செக்ரோல் பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறார். கண்ணைத் திறந்தால் அஜீஸா சாம்பல் விழும் என்று தட்டை ஏந்திக்கொண்டிருக்கிறாள். சாம்பல் வெள்ளை, கடைசிவரை உதிரவேயில்லை. மறுபடி கண் மூடினால் அம்மா முற்றத்தில் கோப்பித்தூள் இடிக்கிறாள், நீங்கள் சைக்கிளில் வருகிறீர்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எங்கேயும் போகவில்லை. ஒன்றேகால் மணி நேரம் அப்படி இருந்தது.

பாயும் அஜீஸாவும் போன பிறகு மீதித் துண்டோடு நான் மட்டும் இருந்தேன். அப்போது இன்னொன்றும் வந்தது. அதையும் ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

1958. ஐயா தோட்டத்து ஆஸ்பத்திரியில். செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் கையைப் பிடித்துக் கேட்டார்: “கதிரவேலுவுக்குத் தந்தி அடிச்சிட்டியோ பிள்ளை?”

“ஓம் ஐயா, அடிச்சிட்டன்” என்றேன்.

அடிக்கவில்லை. புதன் கேட்டார். “வாறானாமோ?” “வெளிக்கிட்டிட்டாராம் ஐயா” என்றேன். வெள்ளிக்கிழமைதான் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். சனி விடியுமுன் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்ட ஒவ்வொரு தரமும் தலையைத் திருப்பிப் பார்த்தார், அண்ணை.

தந்தி ஆபீசில் தாமதம் என்று அப்போது உங்களுக்கு எழுதினேன். பொய். எனக்குக் கோபம். அம்மா இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருடம் அவருக்குக் கஞ்சி வைத்தவள் நான், என் கல்யாணப் பேச்சு இரண்டு தரம் வந்து போனது அவரைத் தனியே விட முடியாமல்தான். சாகும்போதும் அவர் வாயில் உங்கள் பெயர். மூன்று நாள், மூன்றே நாள், அந்தப் பெயரை நான் என் கையில் வைத்துக்கொண்டேன்.

உங்களையும் அவரையும் நான்தான் பிரித்தேன். ஐந்தாவது சுருட்டை நானே பற்றியதும் அதுபோலத்தான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணியின் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல சிரிப்பு.

தங்கரத்தினம்

•

கோண்டாவில்
30-7-1986

தங்கச்சி,

உன் கடிதத்தைப் புகை பற்றிய இடம்வரை நாலு தரம் வாசித்தேன். காய்ந்த பூ என்று எழுதினாயே, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பிறகு தாண்டினேன்.

இப்போது நான் எழுதுவதை நீ உட்கார்ந்து வாசி.

ஐயா சாவதற்கு ஐந்து கிழமைக்கு, முப்பத்தைந்து நாளுக்கு, முன் எனக்கு ஒரு கடிதம் போட்டார். தன் கையால். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ‘எனக்குச் சுகமில்லை. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு சுருட்டு வைத்திருக்கிறேன்.’ மூன்றே வரி.

சின்னாச்சி அன்றைக்கே பெட்டி கட்டினாள். “முதியவர் கூப்பிடுறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார், வெளிக்கிடுங்கோ” என்றாள். நான் போகவில்லை. கிராணி கூப்பிட்டவுடன் ஓடிப்போகிற கூலியோ நான் என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், எங்களைக் காக்க வைத்ததுபோல, என்று நினைத்தேன். கடிதத்தைப் புகையிலைச் சிப்பத்துக்குள் சொருகி வைத்தேன். பதில் போடவில்லை. அவள் கட்டின பெட்டி ஒரு மாதம் மூலையில் இருந்தது.

பிறகு தந்தி வந்தது. நீ தாமதமாக அடித்தாய் என்று அதன் தேதியில் கண்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. பழியைப் போட ஒரு இடம் கிடைத்த நிம்மதி. அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ‘உன்னால்தான் ஐயாவின் முகம் பார்க்காமல் போனேன்’ என்று. சின்னாச்சி அதை வாசித்துவிட்டு, “இது பாவம்” என்றாள். கோபம் வந்தும் பல நாள் அவள் பாடவில்லை.

நீ செவ்வாய்க்கிழமை அடித்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். ஐந்து கிழமை இருந்தும் வராதவனுக்கு உன் மூன்று நாள் எந்தக் கணக்கு?

இருபத்தெட்டு வருடம் உன் தலையில் இதை வைத்திருந்தேன். நீயாகச் சொல்லாவிட்டால் நானும் சொல்லாமலே போயிருப்பேன்.

கதிரவேலு

•

குவாலா சிலாங்கூர்
11-11-1986

அண்ணைக்கு,

மூன்று மாதம் என்னால் எழுத முடியவில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், மற்றதில் மன்னித்திருந்தேன். இரண்டும் பொய்யாக இருந்தன.

கோபம்தான், அண்ணை. பெரிய கோபம். இருபத்தொன்பது வயதிலிருந்து நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ‘உண்மை பேசு’ என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் முதுகு சுடும். ஐயாவின் திதிக்குச் சோறு படைக்கும்போது கை கூசும். அந்தப் பாரத்தை ஒரு கடிதத்தில் நீங்கள் எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை.

போன கிழமை ஒருநாள் அஜீஸா வந்தாள். நான் சாப்பிடுவதில்லை என்று பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கீங்க. வேற யாருக்கு உங்களைப் புரியும்?” என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டேன்.

ஐயா அண்ணியையும் வரச் சொன்னார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அதை நினைத்துத்தான் அழுதேன், மற்றதற்கு இல்லை.

கேளுங்கள். சுருட்டு முடிந்துவிட்டது. மரப்பெட்டியைக் கிராம்பு போட்டு வைக்கப் பாயின் கடைக்குக் கொடுத்துவிட்டேன். ஐயாவின் கோட்டைப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயின் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்று. இந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் பொருள் இனி ஒன்றும் கிடையாது. நான்தான் இருக்கிறேன். கோபத்தோடுதான் இருக்கிறேன். வருகிறீர்களா?

வருவதாக இருந்தால், விசாவுக்கு நான் எழுதவேண்டிய கடிதம் இதோடு இருக்கிறது. கொழும்பிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வருகிற விமானமெல்லாம் எத்தனை மணிக்கு என்று பாயை விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாயிடம் ஒரு பழைய வேன் உண்டு.

தங்கரத்தினம்

•

கொழும்பு
19-1-1987

தங்கச்சி,

மூன்று நாள் வழியில் கிடந்து நேற்று இங்கே வந்து சேர்ந்தேன். சந்திரிகாவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறேன். விசா கிடைத்துவிட்டது. வருகிற 28-ஆம் தேதி புதன்கிழமை விமானம், பகல் பன்னிரண்டு மணிக்குச் சுபாங்கில் இறங்கும் என்கிறார்கள்.

வீட்டைப் பூட்டும்போது என்ன எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு வேட்டி, சின்னாச்சியின் படம், கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா. அவள் கட்டின அதே தகரப்பெட்டியில்தான் அடுக்கினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, கயிறு கட்டியிருக்கிறேன்.

நீ கோபத்தோடு இருக்கிறேன் என்று எழுதியது எனக்கு நல்லதாகப் போயிற்று. மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் வெளிக்கிட்டிருக்க மாட்டேன். வந்து உன் முன்னால் உட்காருகிறேன். திட்டுவதைத் திட்டு, ஒரேயடியாக வேண்டாம், நாளுக்குக் கொஞ்சமாகத் திட்டு. நான் இனி எங்கேயும் போகிறவன் இல்லை.

நேற்று இரண்டு விஷயம் யோசித்தேன். நீ தேத்தண்ணிக்குச் சீனி போடுவாயா, போடமாட்டாயா என்று எனக்குத் தெரியாது. பிறகு, உன் முகம். நான் கப்பலேறியபோது உனக்குப் பதினேழு வயது, இரட்டைப் பின்னல். விமான நிலையத்தில் கூட்டத்துக்குள் நான் அந்தப் பிள்ளையைத்தான் தேடுவேன், உன்னைத் தாண்டி நடந்து போய்விடுவேன்.

அதனால் நீயே என்னைக் கூப்பிட்டுவிடு. பெயர் சொல்லாதே, அங்கே பத்துக் கதிரவேலு இறங்குவான். “அண்ணை” என்று கூப்பிடு. வெட்கப்படாமல் பலமாகக் கூப்பிடு. எனக்கு வலது காது சரியாகக் கேட்காது.

கதிரவேலு